2 இன்ச் தூக்கிய ஹைலக்ஸ் விகோ: அம்மாவை உட்கார வைக்க முடியவில்லை, எங்கே தொடங்குவது?

லாசா சடக்கு, ஞாயிறு இரவு

எல்லாருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட்டிலிருந்து லாசா போகிற வழியில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் குடியிருக்கிறோம். போன வருடம் பழைய டொயோட்டா ஹைலக்ஸ் விகோ பிக்கப் ஒன்று வாங்கினேன். 2012 மாடல், 2.5 டீசல், மேனுவல் கியர், ஃபோர்வீல். முன்னால் வைத்திருந்தவர் காட்டுக்குள் போகிற ஆள். முன்பக்கம் புல்பார் என்கிற இரும்புத் தடுப்பு, சேற்றிலிருந்து இழுக்கும் வின்ச் எல்லாம் மாட்டி, அந்தப் பாரத்தைத் தாங்கும் கெட்டி ஸ்பிரிங் போட்டு 2 இன்ச் தூக்கியிருக்கிறார். பின்னால் பட்டை ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூடுதலாகச் சொருகியிருக்கிறது. வாங்கின கையோடு புல்பாரையும் வின்ச்சையும் கழற்றி விற்றுவிட்டேன். எனக்கு அதற்கு வேலை இல்லை. உயரம் மட்டும் கொஞ்சம் வேண்டும், மழைக்காலத்தில் தோட்டத்துப் பாலத்தின் மேல் தண்ணீர் ஏறும்.

வீட்டிலிருந்து தார்ச் சடக்குக்கு வர 7 கிலோமீட்டர் செம்மண். மழையில் குலை ஏற்றும் லோரி போன தடம் முழங்கால் ஆழத்துக்கு இருக்கும். வெயிலில் அதே சடக்கு தகரக் கூரை மாதிரி வரிவரியாக இறுகிப்போகும். அம்மாவுக்கு 68 வயது. ஏப்ரல் மாதம் இடுப்பில் அறுவை சிகிச்சை ஆனது. வாரத்துக்கு 2 நாள் ஈப்போவுக்கு உடற்பயிற்சிக்குக் கூட்டிப்போக வேண்டும். 2 தலையணை வைத்து உட்கார வைக்கிறோம், என் மனைவி பக்கத்தில் இருந்து தோளைப் பிடித்துக்கொண்டு வருகிறாள். அப்படியும் சக்கரம் குழியில் இறங்கும்போதெல்லாம் முன்னால் ‘டொக்’கென்று இரும்பில் இரும்பு அடிக்கிற சத்தம். அம்மா வாய் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டார். கதவுப் பிடியை அவர் இறுக்கிப் பிடிப்பது எனக்குக் கண்ணாடியில் தெரியும்.

தார்ச் சடக்கில் வேறு மாதிரி. 80 தாண்டினால் ஸ்டியரிங் மிதக்கிறது, நேராக நிற்பதில்லை. வளைவு முடிந்து கையைத் தளர்த்தினால் தானாகத் திரும்பி வருவதும் இல்லை. நெடுஞ்சாலையின் மெனோரா இறக்கத்தில் ஒரு தடவை போய்விட்டு, அப்புறம் அந்தப் பக்கம் அம்மாவோடு போவதையே விட்டுவிட்டேன். செம்மோர் வழியாகப் பழைய சடக்கில்தான் ஈப்போ போகிறோம்.

டயர் 265/70ஆர்16, 10 பிளை. காற்று 280 கேபிஏ, டயர் கடையில் அடித்துக் கொடுத்தது. ஒரு பட்டறையில், ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குகிற அப்சோர்பர் 4ஐயும் மாற்றினால் சரியாகிவிடும், 2,600 வெள்ளி ஆகும் என்றார்கள். போடலாமா?

கோலா கெட்டில் டிமேக்ஸ், ஞாயிறு இரவு

போடுங்க அண்ணே. என் டிமேக்ஸுக்கு கேஸ் அப்சோர்பர் மாற்றியபோது காடியே வேறு காடி மாதிரி ஆகிவிட்டது. மிதக்கிறதற்கு ஸ்டியரிங் டேம்பர் ஒன்று சேர்த்துப் போட்டால் நிற்கும். பார்ட்ஸ் இங்கே மலிவு, வேண்டுமென்றால் விசாரித்துச் சொல்கிறேன்.

தோட்டத்துப் பட்டறை, திங்கள் காலை

லாசா தம்பி, அந்த 2,600 வெள்ளியை இப்போதைக்கு அப்படியே வை. கெட்டில் தம்பி நல்ல மனதோடுதான் சொல்கிறார், அவர் காடிக்கு அது சரியாகவும் இருந்திருக்கும். உன் காடியின் நோய் வேறு என்று எனக்குப் படுகிறது.

நான் 31 வருடம் தோட்டத்துப் பட்டறையில் இருந்தவன். லேண்ட் ரோவர், டிராக்டர், குலை லோரி, அப்புறம் இந்த ஹைலக்ஸ் எல்லாம் கையில் வந்து போயிருக்கிறது. குலுங்குகிறது என்று ஒருவர் சொன்னால் முதலில் டேப்பை எடுத்து அளக்க வேண்டும், பிறகுதான் ஸ்பேனர். நாளை வேலை முடிந்ததும் இதை மட்டும் செய்துவிட்டுச் சொல்.

சமமான சிமெண்டுத் தரையில் நிறுத்து. சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே மட்கார்டு ஓரம் வரை எத்தனை சென்டிமீட்டர் என்று 4 சக்கரத்திலும் அள. அப்புறம் முன்பக்கம் சேஸில் ஜாக்கி வைத்து, டயர் தரையை விட்டு எழும்பும் வரை தூக்கி, சக்கரம் தொங்கும்போது அதே அளவை மறுபடி எடு. சேஸுக்கு ஸ்டாண்டு கொடுக்காமல் அடியில் கை விடாதே. காலையில் ஓட்டுவதற்கு முன், டயர் சூடாகாமல் இருக்கும்போது காற்று எவ்வளவு என்றும் பார். கடைசியாக ஒரு கேள்வி: வாங்கின பிறகு அடியில் எந்தப் பட்டறையாவது போல்ட் கழற்றி மாட்டியதா?

லாசா சடக்கு, செவ்வாய் இரவு

ஐயா, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு நடக்கிற களத்தில் சிமெண்டுத் தரை இருக்கிறது, அங்கே வைத்து அளந்தேன். முன்னால் இடது 56.5, வலது 56.5. தொங்கும்போது இரண்டும் 59. பின்னால் 60, 60.5. காற்று ஆறிய நிலையில் 275 கேபிஏ.

போல்ட் விஷயம்: முன் சக்கரத்தைத் தாங்கும் கீழ்க் கை, அதாவது லோவர் ஆர்ம், அதன் ரப்பர் புஷ் 4ம் ஜனவரியில் மாற்றினேன். காடியை ஹாய்ஸ்ட்டில் தூக்கி வைத்து மாட்டினார்கள். மாற்றிய பிறகு இன்னும் முரடாகத்தான் ஆனது. புது ரப்பர் என்பதால் அப்படி இருக்கும் என்று நினைத்தேன்.

தோட்டத்துப் பட்டறை, புதன் காலை

அளவு நன்றாக எடுத்திருக்கிறாய். பாதி விடை அதிலேயே இருக்கிறது.

நிற்கும்போது 56.5, தொங்கும்போது 59. அதாவது உன் முன் சக்கரம் கீழே இறங்க இரண்டரை சென்டிமீட்டர்தான் இடம். நம் செம்மண் சடக்கில் சின்னக் குழியே அதைவிட ஆழம். சக்கரம் குழிக்குள் இறங்கப் பார்க்கிறது, அதற்குள் அப்சோர்பர் முழு நீளத்துக்கும் இழுபட்டு முடிந்துவிடுகிறது. இனி இழுக்க ஒன்றும் இல்லை என்று உள்ளே பிஸ்டன் முட்டுகிற சத்தம்தான் அந்த ‘டொக்’. அதற்கு மேல் சக்கரத்தோடு சேர்ந்து காடியின் முகமே கீழே விழுகிறது. அம்மாவின் இடுப்புக்குப் போவது அந்த அடி.

இது எப்படி வந்தது என்றால், முன்னால் இருந்தவர் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றினார், அப்சோர்பர் கம்பெனி நீளமே. ஸ்பிரிங் காடியைத் தூக்கும்போது அப்சோர்பர் நிற்கிற நிலையிலேயே நீண்டுவிடும். எவ்வளவு தூக்குகிறோமோ அவ்வளவு தொங்கல் குறையும். அவர் ஓட்டியபோது புல்பாரும் வின்ச்சும் அழுத்திக்கொண்டிருந்ததால் கொஞ்சம் சமாளித்தது. இரண்டும் சேர்ந்து 80 கிலோவுக்குக் குறையாது. நீ அதைக் கழற்றினாய், முன்பக்கம் இன்னும் எழும்பியது, மிச்சமிருந்த இடமும் போனது. அந்தப் பாரத்துக்குச் செய்த கெட்டி ஸ்பிரிங் இப்போது வெறும் பானெட்டைத் தாங்குகிறது, அது எங்கே அமுங்கும்? அமுங்கினாலும் அது திரும்பி எழும்பும் வேகத்தைப் பிடித்து நிறுத்தும் பலம் அந்தப் பழைய அப்சோர்பருக்கு இல்லை. உன் பட்டறைக்காரர் சொன்னதில் அது ஒன்று உண்மைதான். ஆனால் கம்பெனி நீளத்திலேயே புது அப்சோர்பர் போட்டால் அதே இரண்டரை சென்டிமீட்டரில்தான் வந்து நிற்பாய். பணம் போய்விடும், சத்தம் போகாது.

செய்ய வேண்டியதைக் காசு ஆகாததிலிருந்து சொல்கிறேன்.

இன்றைக்கே காற்றைக் குறை. 10 பிளை டயரின் பக்கச் சுவர் கட்டை மாதிரி இருக்கும். அதில் 275 அடித்தால் டயர் என்பது வெறும் உருளை. ஆளும் சாமானும் குறைவாக இருக்கிற காடிக்குத் தார்ச் சடக்கில் 220 போதும். சரியாக இருக்கிறதா என்று பார்க்க, டயரின் குறுக்கே சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டு நேராகக் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார். நடுவில் மட்டும் அழிந்தால் காற்று இன்னும் அதிகம், இரண்டு ஓரமும் அழிந்தால் குறைவு, சமமாக அழிந்தால் சரி. தோட்டத்துக்குள் 30க்கு மேல் போகாமல் ஓட்டுவதென்றால் 160 வரை இறக்கலாம். தகரச் சடக்கு பாய் விரித்த மாதிரி ஆகிவிடும். ஆனால் தார்ச் சடக்கு ஏறும் முன் மறுபடி 220 ஏற்றியே ஆக வேண்டும். குறைந்த காற்றில் வேகமாக ஓட்டினால் டயர் சூடேறி வெடிக்கும். 12 வோல்ட் பம்ப் ஒன்று காடியிலேயே கிடக்கட்டும்.

அடுத்தது புஷ். இதைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிறைய பட்டறைகளில் இதைத்தான் தவறாகச் செய்கிறார்கள். லோவர் ஆர்ம் புஷ் சுழலுகிற பேரிங் இல்லை. நடுவில் இரும்புக் குழாய், வெளியில் இரும்பு வளையம், இடையில் ஒட்டிய ரப்பர். போல்ட்டை இறுக்கியதும் நடுக்குழாய் சேஸோடு பூட்டிக்கொள்ளும். ஆர்ம் மேலும் கீழும் போகும்போது ரப்பர் முறுக்கிக்கொண்டு வளைந்து கொடுக்கும். சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால், ரப்பருக்கு அதுதான் ஓய்வு நிலை. காடியைத் தரையில் இறக்கியவுடன் நின்ற இடத்திலேயே ரப்பர் முறுக்கியபடி இருக்கும், எப்போதும் சக்கரத்தைக் கீழே தள்ளிக்கொண்டே இருக்கும். உன் உயரத்தில் ஒரு பங்கு, முரட்டுத்தனத்தில் ஒரு பங்கு அதனால் வந்தது. புஷ் மாற்றிய பிறகு மோசமானது என்று நீ சொன்னபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. இப்படியே ஓடினால் ஒரு வருடத்தில் ரப்பர் கிழிந்துவிடும்.

சரிசெய்ய: காடி 4 சக்கரத்தில் தரையில் நிற்க வேண்டும். லோவர் ஆர்மின் போல்ட்டில் ஒரு வட்டு இருக்கும், அதைத் திருப்பினால் ஆர்ம் நகரும், கேம் போல்ட் என்பார்கள். அந்த வட்டு எங்கே நிற்கிறது என்று பெயிண்டால் ஒரு கோடு போட்டுக்கொள். நட்டைத் தளர்த்தி, முன்னும் பின்னும் சில அடி உருட்டி, முன்பக்கத்தை நாலைந்து தடவை அழுத்தி விடு. ரப்பர் தன் இடத்துக்கு வரும். கோட்டைப் பார்த்து வைத்து, தரையில் நிற்கும்போதே இறுக்கு. மேல் ஆர்மும் அப்படித்தான், பின் பட்டையின் நுனியைச் சேஸோடு சேர்க்கிற ஷேக்கிளும் அப்படித்தான்.

பின்னால் அந்தக் கூடுதல் பட்டையைக் கழற்று. நீ அரை டன் ஏற்றுகிறவன் இல்லை. கழற்றும்போது பட்டைகளின் இடையைப் பார். நம் செம்மண்ணும் மழைத் தண்ணீரும் சேர்ந்து உள்ளே போய்க் காய்ந்தால் சிமெண்டு மாதிரி இறுகிவிடும். பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கினால்தான் ஸ்பிரிங். ஒட்டிக்கொண்டால் அது ஒரே தண்டவாளம். லேண்ட் ரோவர் காலத்தில் 6 மாதத்துக்கு ஒரு தடவை சேஸைத் தூக்கி, பாரம் போய்ப் பட்டைகள் வாய் திறந்ததும், சாக்குத் துணியைத் துடைப்பத்துக் குச்சியில் சுற்றி உள்ளே விட்டு இழுப்போம். முதலில் சிவப்புப் பொடியாக வரும், அப்புறம் துருச் செதிலாக வரும். ஒவ்வொரு பட்டையின் நுனியும் மேலே உள்ள பட்டையின் அடியில் ஒரு பள்ளம் தோண்டியிருக்கும். விரல் நகத்தைத் தேய்த்தால் தட்டும். அந்த விளிம்பை அரத்தால் மழுக்கி, கிராஃபைட் கிரீஸ் மெல்லிசாகத் தடவி மூடுவோம். மறுநாள் துரை வந்து ஸ்பிரிங் மாற்றினீர்களா என்று கேட்பார். ஒரு காசு சாமான் வாங்கியிருக்க மாட்டோம். உன் பட்டை நுனிகளில் பிளாஸ்டிக் பேடு இருந்தால் கிரீஸ் வேண்டாம், பேடு தேய்ந்திருந்தால் மட்டும் மாற்று.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் காசு. புல்பார் இல்லாத காடிக்கென்று மெல்லிய ஸ்பிரிங் தனியாக வருகிறது, அதில் 1 இன்ச் உயரம் தருவதாகப் பார்த்து முன்னால் 2 வாங்கு. தொங்கல் 6 சென்டிமீட்டர் வந்தாலே அம்மாவுக்கு வித்தியாசம் தெரியும். 2 இன்ச் விடவே கூடாது என்றால், உயர்த்திய காடிக்கென்று நீளம் கூட்டிச் செய்த அப்சோர்பரும் சேர்த்து வாங்க வேண்டும். அப்போது டிரைவ் ஷாஃப்ட் கோணமும் பால் ஜாயிண்ட் கோணமும் கூடும், தேய்மானமும் கூடும். எனக்கு அதில் விருப்பம் இல்லை. ஸ்பிரிங்கை வீட்டில் நீயே மாற்ற நினைக்காதே. ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கிற கம்ப்ரசர் நழுவினால் அது ஆளைக் கொன்றுவிடும். ஜேபிஜே, அதாவது சாலைப் போக்குவரத்து இலாகா விதியையும் கேட்டு வைத்துக்கொள், உயர்த்திய காடிக்கு நாளை இன்சூரன்ஸில் கேள்வி வரக்கூடாது.

மிதக்கிற விஷயத்துக்கு அலைன்மெண்ட், அதாவது சக்கரங்களின் கோணம் பார்க்க வேண்டும். அதை இங்கே வேறு யாராவது எழுதினால் நல்லது, எனக்குக் கம்ப்யூட்டர் மெஷின் பழக்கம் குறைவு.

சிலிம் ரிவர் ஜிம்னி, புதன் மாலை

அதை நான் எழுதுகிறேன் ஐயா. லாசா தம்பி, நான் இங்கே தோட்டத்துப் பள்ளியில் ஆசிரியை. என் ஜிம்னியைத் தூக்கியபோது இதே மிதப்பு வந்து 4 மாதம் அவதிப்பட்டேன், அதனால் தெரியும்.

சைக்கிளின் முன் கவை சாய்ந்து இருக்கிறதல்லவா, கையை விட்டாலும் சைக்கிள் நேராக ஓட அந்தச் சாய்வு உதவுகிறது. காடிக்கும் அந்தச் சாய்வு உண்டு, காஸ்டர் என்பார்கள். தூக்கினால் அது குறைந்துவிடும். வளைவு முடிந்தும் ஸ்டியரிங் தானாகத் திரும்பி வரவில்லை என்றீர்கள், அது காஸ்டர் குறைந்ததன் அடையாளம். ஸ்டியரிங் டேம்பர் போட்டால் நடுக்கம் அடங்கும், ஆனால் நேராகப் போகிற குணம் திரும்பி வராது.

என் ஜிம்னியில் கேம் போல்ட் இல்லை, தனி புஷ் வாங்கித்தான் திருத்தினேன். உங்கள் விகோவில் லோவர் ஆர்ம் கேமைத் திருப்பியே ஓரளவு காஸ்டரைக் கூட்டலாம். அதனால் ஐயா சொன்ன வேலை எல்லாம் முடிந்து, உயரம் இறங்கிய பிறகு அலைன்மெண்டுக்குப் போங்கள், முன்னால் போனால் காசு வீண். போனதும், டோ (சக்கரங்களின் முன் ஓரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மட்டும் பார்த்து அனுப்பாதீர்கள், காஸ்டரை அளவுக்குள் எவ்வளவு கூட்ட முடியுமோ அவ்வளவு கூட்டுங்கள், இடமும் வலமும் சமமாக வையுங்கள் என்று சொல்லுங்கள். திருத்துவதற்கு முன் இருந்த அளவு, திருத்திய பின் உள்ள அளவு இரண்டையும் தாளில் அச்சடித்து வாங்குங்கள். நான் முதல் 3 தடவை தாள் கேட்கவில்லை, 3 தடவையும் டோ மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள்.

இன்னொன்று, காற்றைக் குறைத்த அன்றே மிதப்பும் கொஞ்சம் குறையும். அதை வைத்து வேலை முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள்.

லாசா சடக்கு, 3 வாரம் கழித்து

ஐயா, அக்கா, கெட்டில் தம்பி, மூவருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

காற்றை அன்றே 220 ஆக்கினேன். சுண்ணாம்புக் கோடு சமமாக அழிகிறது. அந்த வார ஞாயிற்றுக்கிழமை மச்சானும் நானும் களத்தில் வைத்து ஆர்ம் போல்ட் எல்லாம் தளர்த்தி இறுக்கினோம். வலது பக்க நட்டைத் தளர்த்தியதும் காடி ‘கிர்ர்’ என்று முனகி இறங்கியது, மச்சான் பயந்து எழுந்துவிட்டான். அளந்தால் 56.5 இருந்தது 55.5. புது சாமான் எதுவும் இல்லாமல் ஒரு சென்டிமீட்டர்!

பின்னால் கூடுதல் பட்டையை அடுத்த ஞாயிறு கழற்றினோம். ஐயா சொன்ன அந்தச் சிவப்புப் பொடி ஒரு பால் டின் நிறைய வந்தது. நகம் தட்டுகிற பள்ளமும் இருந்தது, அரம் போட்டோம். பின் உயரம் இப்போது 56. முன்னால் மெல்லிய ஸ்பிரிங் 2, கூலியோடு 780 வெள்ளி. இப்போது நிற்கும்போது 53, தொங்கும்போது 59. ஐயா கேட்ட 6 சென்டிமீட்டர் வந்துவிட்டது. ‘டொக்’ சத்தம் பெரிய பள்ளத்தில் மட்டும் எப்போதாவது கேட்கிறது.

அலைன்மெண்டில் தாள் கேட்டு வாங்கினேன் அக்கா. காஸ்டர் இடதும் வலதும் அரை டிகிரி வித்தியாசத்தில் இருந்தது, இப்போது சமம், இரண்டுமே கூடியிருக்கிறது. 90ல் ஒரு கையால் பிடித்தாலும் நேராகப் போகிறது. அம்மா இப்போது ஒரு தலையணையோடு வருகிறார். மற்றதை எடுத்துவிடு, உயரமாக இருக்கிறது, ஜன்னல் வழியே பார்க்க முடியவில்லை என்று அவரே சொன்னார்.

ஒரே ஒரு சந்தேகம். நேற்று மழையில் டவுன் சமிக்ஞை விளக்கில் பிரேக் அடித்தபோது பின்பக்கம் லேசாக வழுக்கியது. முன்பு அப்படி இல்லை. டயர் நல்ல நிலையில்தான் இருக்கிறது.

தோட்டத்துப் பட்டறை, அன்று இரவே

தம்பி, இதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். என் தவறு. நாளை அம்மாவை ஏற்றும் முன் இதைப் பார்த்துவிடு.

பின் ஆக்சிலிலிருந்து சேஸுக்கு ஒரு மெல்லிய கம்பி போகும், சேஸ் பக்கம் ஒரு பிரேக் வால்வு இருக்கும். பாரம் ஏற்றினால் சேஸ் இறங்கும், கம்பி நகரும், பின் பிரேக்குக்கு அழுத்தம் கூடும். வெறும் காடியாக இருந்தால் குறையும். காடியைத் தூக்கியபோது வால்வு ஏமாந்து பின் பிரேக்கைக் குறைத்துவிடாமல் இருக்க, முன்னால் இருந்தவர் கம்பியின் அடியில் ஒரு பிளேட் வைத்து உயர்த்தியிருப்பார். இப்போது பின்பக்கம் இறங்கிவிட்டது, பிளேட் அங்கேயே இருக்கிறது. வால்வு உன் காடியில் எப்போதும் பாரம் இருப்பதாக நினைத்துப் பின் பிரேக்கை அதிகமாகக் கொடுக்கிறது. ஈரத்தில் பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொள்வது அதனால்தான். கம்பி ஆக்சிலில் மாட்டுகிற இடத்தில் பார்.

லாசா சடக்கு, மறுநாள்

இருந்தது ஐயா. 4 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு இரும்பு பிளேட், 2 போல்ட். கழற்றிவிட்டுக் கம்பியை அதன் பழைய துளையில் மாட்டினேன். களத்தில் தண்ணீர் ஊற்றி 40ல் நாலு தடவை பிரேக் அடித்துப் பார்த்தேன். மச்சான் வெளியே நின்று சக்கரத்தைப் பார்த்தான். நாலு தடவையும் முன் சக்கரம்தான் முதலில் நின்றது, பின்பக்கம் நேராக வருகிறது. பின்னால் பட்டைகளை ஆக்சிலோடு கட்டுகிற யூ போல்ட்டை மறுபடி இறுக்க வேண்டுமா?

தோட்டத்துப் பட்டறை

ஆமாம், 500 கிலோமீட்டர் ஓடியதும் ஒரு தடவை. நீ கழற்றி மாட்டியதால் பட்டைகள் இன்னும் படிந்துகொண்டிருக்கும். குறுக்கு வாட்டில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கு, ஒரே பக்கம் முழுதாக இறுக்கிவிடாதே. காடி தரையில் நிற்கட்டும்.